இரண்டு எஞ்சின்களும் ஒரு குறிப்பேடும்

படகை விற்றவர் சாவியைத் தருவதற்கு முன்னர் ஒரு குறிப்பேட்டைத் தந்தார். தடித்த மட்டை, எண்ணெய்க் கறை, பென்சில் எழுத்து. "இதை வாசித்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு" என்றார். நான் வாசிக்கவில்லை. அதற்கான தண்டனை மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அது 2009 மே மாதம். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில், குவின்ரி வளைகுடாவில் ட்ரென்ரனுக்குப் பக்கத்தில் ஒரு படகுத்துறை. விற்றவர் கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், எண்பதை நெருங்கியிருந்தார். படகு 1968ஆம் ஆண்டின் கிறிஸ் கிராஃப்ட் கொமாண்டர். 31 அடி நீளம், வெள்ளை ஃபைபர்கிளாஸ் உடல், உள்ளே இருவர் படுக்க இடம், ஒரு சமையல் மூலை, நிமிர முடியாத ஒரு கழிப்பறை. கேபின் குரூசர் என்று சொல்லப்படும் இனம். தளப்பலகையைத் தூக்கினால் அடியில் இரண்டு வி-8 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 210 குதிரைவலு. நல்ல வேகத்தில் போனால் மணிக்கு எண்பது லீட்டர் அளவில் பெற்றோல் குடிக்கும். "வீட்டுக் கடன் முடியேல்லை, இவருக்குக் கப்பல் கேக்குது" என்று என் மைத்துனர் ஒரு கலியாண வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான்.

நான் அதை வாங்கியதற்குக் காரணம் அந்த இரண்டு எஞ்சின்கள். 1984இன் கடைசியில், ஓர் இரவு, வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு ஒரு ஃபைபர்கிளாஸ் வள்ளத்தில் போனேன். பதினேழு பேர் இருந்தோம். பாதி வழியில் பின்னாலிருந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று இருமிக்கொண்டு நின்றது. ஓட்டி ஒரு சொல்லும் பேசவில்லை. மற்றதை இன்னும் கொஞ்சம் முறுக்கினார், சுக்கானைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்திலிருந்த கிழவி மட்டும் விடியும்வரை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அந்த இரவுக்குப் பிறகு ஒற்றை எஞ்சின் படகு எதிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

*

என் படகின் ஊர் அல்கொனாக். மிச்சிகன் மாநிலத்தில் சென்ற் கிளெயார் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். எதிர்க்கரையில் கனடாவின் வால்போல் தீவு, முதற்குடிகளின் நிலம். ஆறு அங்கே பல கிளைகளாகப் பிரிந்து சதுப்பாக விரிவதால் இலையுதிர் காலத்தில் காட்டுவாத்துகள் பெருந்தொகையாக இறங்கும். வாத்து வேட்டைக்கு வரும் பணக்காரர்களுக்குப் படகு வேண்டும். கிறிஸ்தோபர் கொலம்பஸ் சிமித் என்ற சிறுவன் 1874இல், தன் பதின்மூன்றாம் வயதில், முதல் வாத்துப் படகைச் செய்தான். பிறகு தமையனோடு சேர்ந்து செய்தான். வரைபடம் எதுவும் கிடையாது. கண்ணளவும் கையளவும்தான். வல்வெட்டித்துறையில் வளர்ந்த எனக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. எங்கள் ஓடாவிமாரும் அப்படித்தான் செய்தார்கள். கதை வேறு திசைக்குத் திரும்புவது அதன் பிறகு.

பெற்றோல் எஞ்சின் வந்ததும் சிமித் வேகப் படகுகளுக்கு மாறினார். 1915இல் அவர் கட்டிய மிஸ் டிட்றொயிற் அமெரிக்காவின் தங்கக் கிண்ணப் போட்டியை வென்றது. அந்தப் படகைக் கார் வூட் என்பவர் வாங்கினார். லொறியின் பெட்டியைத் தூக்கி மண் கொட்டும் நீரழுத்தப் பொறியைக் கண்டுபிடித்துப் பணக்காரரானவர் அவர். இருவரும் சேர்ந்து கட்டிய மிஸ் அமெரிக்கா 1920இல் இங்கிலாந்துக்குப் போய் ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் இருந்தவை இரண்டு லிபேட்டி விமான எஞ்சின்கள். முதலாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்டவை. இரண்டு எஞ்சின் அப்போது வேகத்துக்காக வந்தது. பாதுகாப்பு என்ற எண்ணம் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

1922இல் சிமித்தும் மகன்மாரும் தனியே பிரிந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் வேகப் படகு அன்று. ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே எஞ்சின் என்று 26 அடிப் படகுகளைத் தொடராகச் செய்யத் தொடங்கியதுதான். போர் முடிந்து மலிந்து கிடந்த கேட்டிஸ் ஓ.எக்ஸ்-5 எஞ்சின்களை வாங்கிப் படகுக்கு ஏற்றபடி மாற்றிப் பூட்டினார்கள். அமெரிக்க விமானிகள் பறக்கப் பழகிய ஜென்னி விமானத்தின் எஞ்சின் அது. பக்கத்து டிட்றொயிற்றில் ஃபோர்ட் காருக்குச் செய்ததை ஆற்றங்கரையில் இவர்கள் படகுக்குச் செய்தார்கள். கிறிஸ் கிராஃப்ட் என்ற பெயர் இந்தக் காலத்தில் வந்தது.

இவர்களுடைய நல்ல காலத்துக்கு மதுவிலக்கும் உதவியது. 1920இலிருந்து 1933வரை அமெரிக்காவில் மது விற்கத் தடை. கனடாப் பக்கத்தில் ஏற்றுமதிக்கென்று வடிக்கத் தடையில்லை. இடையில் ஓர் ஆறு, அகலம் மிகக் குறைவு. வின்ட்சரிலிருந்து டிட்றொயிற்றுக்கு இரவில் விஸ்கி போனது. கடத்தியவர்களுக்கும் வேகப் படகு தேவைப்பட்டது, துரத்தியவர்களுக்கும் தேவைப்பட்டது. பாக்கு நீரிணையின் 1960களையும் 70களையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குறுகிய தண்ணீர், இரண்டு பக்கமும் இரண்டு சட்டம், நடுவில் நல்ல எஞ்சின்.

1920களின் முடிவில் 38 அடியில் உள்ளறை வைத்த படகொன்றைச் செய்தார்கள். ஏரிக்கரை மாளிகையிலிருந்து நகரத்து அலுவலகத்துக்குத் தண்ணீர் வழியாகப் போகும் முதலாளிக்காகச் செய்யப்பட்டது. என் படகின் நேர் மூதாதை அது. உடனே பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. மாளிகைக்காரர் குறைந்தார்கள். சிறிய, மலிவான படகுகளைச் செய்து நிறுவனம் உயிர் பிழைத்தது. கிறிஸ் சிமித் 1939இல் காலமானார்.

அடுத்த போர் இந்தத் தொடர்முறைக்குச் சோதனையாக வந்தது. நியூ ஓர்லியன்ஸின் அன்ட்ரூ ஹிகின்ஸ் வடிவமைத்த 36 அடித் தரையிறங்கு கலத்தைப் பல நிறுவனங்கள் செய்தன. கிறிஸ் கிராஃப்ட் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டியது. தட்டையான முன்கதவு விழ, படையினர் தண்ணீருக்குள் பாயும் அந்தக் காட்சியை நோர்மண்டிப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். போர் முடிந்து திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வோடும், ஒரு காரோடும் இருந்தார்கள். உள்ளறைப் படகு முதலாளியின் வாகனமாக இருந்த நிலை மாறி, நடுத்தரக் குடும்பத்தின் கனவானது இந்தக் காலத்தில்தான். விளம்பரப் படங்களில் அப்பா சுக்கான் பிடிப்பார், அம்மா சான்ட்விச் நீட்டுவா, பிள்ளைகள் காலைத் தொங்கவிட்டிருப்பார்கள். எல்லோரும் வெள்ளையர். அந்தப் படத்துக்குள் நான் வந்து சேர எனக்கு நாற்பது வருடம் பிந்திவிட்டது. அதனால் படகும் மலிவாகக் கிடைத்தது.

*

அதுவரை எல்லாப் படகும் மரம். கிறிஸ் கிராஃப்ட்டின் செம்பழுப்பு மஹோகனிப் பலகை இன்றும் பழம்பொருள் விரும்பிகளின் உயிர். அதில் பிலிப்பைன்ஸ் மஹோகனி என்று விற்கப்பட்டது உண்மையில் மஹோகனியே இல்லை. சோரியா என்ற இனம். எங்கள் ஊரில் கலப்பத்துப் போடுகிறவர்கள் பஞ்சோடு சேர்த்து இடிக்கும் குங்கிலியம் வருவதும் அந்த மரக் குடும்பத்திலிருந்துதான். இதை ஒரு நூலில் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐயா மணந்த மணம் அல்கொனாக்கின் பட்டறையிலும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் பிசின் மணம் எவ்வளவு தங்குமோ தெரியாது, நினைத்துக்கொண்டேன்.

1960இல் சிமித் குடும்பம் நிறுவனத்தை நான்கு கோடி டொலருக்கு விற்றது. வாங்கியவர்கள் கார் உள்ளலங்காரத் துணி செய்த ஒரு நிறுவனத்தார். நான்கு வருடம் கழித்து, 1964 ஜனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சியில், முழுவதும் ஃபைபர்கிளாஸால் ஆன 38 அடிக் கொமாண்டர் வைக்கப்பட்டது. அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பிசின் ஊற்றி, உருளையால் காற்றை நசுக்கி எடுத்து, மேலே அடுத்த துணி. மரம் பழகிய கைகளுக்கு இந்தப் புதுப் பொருளின் பலத்தில் நம்பிக்கையில்லை. அதனால் தேவைக்கு மேலாகவே அடுக்கினார்கள் என்று பழைய படகுக்காரர்கள் சொல்வார்கள். என் படகின் அடிப்பகுதியில் ஒரு துளை போட நேர்ந்தபோது அந்தத் தடிப்பைப் பார்த்தேன். சொன்னது பொய்யில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த உடல் தட்டினால் கணீரென்கிறது.

மரம் போனதோடு ஒரு கூட்டம் வேலையாட்களும் போனார்கள். 1970களின் தொடக்கத்தில் பெரிய மரப்படகுகளின் கட்டுமானம் நின்றது. 1973 ஒக்ரோபரில் எண்ணெய்த் தடை வந்தது, இரட்டை எஞ்சின் வைத்திருப்பவன் ஊதாரி என்றானான். நிறுவனம் கை மாறி மாறிப் போனது. 2000 டிசம்பரில் அப்போதைய உரிமையாளர் நிறுவனம் திவாலாகிப் படகுப் பெயர் மறுபடி விலைக்கு வந்தது.

இத்தனை நடந்தும் என் படகு ஓடுகிறது. இதற்குக் காரணம் உடலின் தடிப்பு மட்டுமில்லை. உள்ளே இருக்கும் 327 எஞ்சினின் அடிவார்ப்பு செவர்லே கார்களில் இருந்த அதே வார்ப்பு. 1955இல் அறிமுகமான அந்தக் குடும்ப எஞ்சின்களை ஜெனரல் மோட்டர்ஸ் 2011இல் பத்துக் கோடியாவதாகச் செய்து கொண்டாடியது. பிஸ்டன், வால்வு, கஸ்கெட் எதுவும் ஸ்காபரோவில் ஒரு மதியத்துக்குள் கிடைக்கும். அதற்கு மேல், வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள மரினர்ஸ் மியூசியத்தில் கிறிஸ் கிராஃப்ட்டின் காகிதங்கள் இருக்கின்றன. உடல் இலக்கத்தை எழுதி அனுப்பினால் அந்தப் படகின் அட்டையைப் பிரதி எடுத்துத் தருவார்கள். எந்த எஞ்சின், எந்த நிறம், எந்த முகவருக்கு என்றைக்கு அனுப்பப்பட்டது என்பது எல்லாம் அதில் இருக்கும். என் படகின் அட்டை தபாலில் வந்தபோது, பிறப்புச் சாட்சிப் பத்திரம் வந்ததுபோல் இருந்தது. என்னுடைய சொந்தப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கச்சேரியிலிருந்து ஒருநாளும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

*

இனித் தண்டனைக்கு வருகிறேன்.

இரட்டை எஞ்சின் என்றால் ஒரே எஞ்சின் இரண்டு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. இரண்டு புரொப்பெலரும் ஒரே பக்கம் சுழன்றால் படகு ஒரு பக்கம் இழுபடும் என்பதால் எதிரெதிராகச் சுழல வைத்தார்கள். ஆகவே ஸ்டார்ட்டர் மோட்டார் வேறு, தீப்பொறி போகும் ஒழுங்கு வேறு. வலப்பக்க ஸ்டார்ட்டரை இடப்பக்கத்தில் பூட்டினால் ஆணி பொருந்தும், ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றும். இன்னொரு பொருத்தம் இதைவிடப் பொல்லாதது. காரின் ஓல்ட்டநேற்றரும் ஆணிக்கு அழகாகப் பொருந்தும், விலையும் அரைவாசி. ஆனால் அதிலிருந்து பொறி வெளியே தெறிக்கலாம். காரில் அது காற்றோடு போய்விடும். படகின் அடியில் பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமாக இருந்து தேங்கும். அதனால்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முன்னர் குறைந்தது நான்கு நிமிடம் காற்றூதியை ஓட விட வேண்டும் என்று கனடாவில் சட்டம் இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தை நான் ஒருநாளும் குறைத்ததில்லை. அவசரப்படும் விருந்தினருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

எஞ்சினைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீர். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் அதை இழுத்து எஞ்சினுக்குள் அனுப்பும். சூடான தண்ணீர் கடைசியில் றைசர் என்ற வார்ப்பிரும்பு முழங்கையில் புகையோடு கலந்து பின்பக்கத்தால் வெளியேறும். கடலில் இந்த இரும்பைச் சில வருடங்களிலேயே உப்பு தின்றுவிடும். ஒன்ராறியோ ஏரி நன்னீர் என்பதால் பல வருடம் நிற்கும். அதுவே பொறி. நிற்கிறது என்று மறந்துவிடுவோம்.

2012 செப்ரெம்பரில் மறி கால்வாயைத் தாண்டித் திறந்த ஏரிக்குப் போனோம். 1889இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய்தான் குவின்ரி வளைகுடாவிலிருந்து மேற்கே வெளியேறும் வாசல். மனைவி, மூத்த மகள், நான். மத்தியானத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்று ஏறியது. ஊரில் அதைச் சோளகம் என்போம். ஏரியில் அலை உயரமில்லை, ஆனால் குறுகலாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் இருந்தால் ஓசை ஒன்றாகக் கேட்கும். சிறு வித்தியாசம் இருந்தாலும் சுருதி சேராத இரண்டு நாதஸ்வரம் போல ஓசை ஏறி ஏறி விழும். அன்றைக்கு அந்த விழுதல் நின்று, ஒரு குழல் மட்டும் கேட்டது. இடது எஞ்சினின் சூட்டுமானி முடிவைத் தொட்டிருந்தது. அதை நிறுத்தினேன். படகு இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. சுக்கானை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடி இரண்டரை மணி நேரம். பதினெட்டு வயது மகள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். 1984இல் ஓட்டியின் முகத்தை நான் அப்படித்தான் பார்த்தேன்.

கரைக்கு வந்து கழற்றினால், இடது றைசருக்குள் துருப் பொருக்கு அடைத்து ஒரு விரல் போகும் வழி மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றிரவு குறிப்பேட்டை முதல்முறை ஒழுங்காக வாசித்தேன். 1987ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருந்தது: "இடது றைசர், மறுபடியும்." 1998இல் மறுபடியும். ஏன் இடது மட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கக் குழாய் வளைவு கொஞ்சம் தாழ்ந்து, குளிர்காலத்துக்கு வடிக்கும்போது அதற்குள் தண்ணீர் தங்குகிறது. எனக்கு முன் இருந்த மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே குறையைக் கண்டு எனக்காக எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை அலுமாரியில் வைத்திருந்தேன்.

*

அடுத்த நாள் என் முதல் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன், வரவில்லை. தமிழில் எழுதியபோது சொற்கள் ஐயாவிடமிருந்து வந்தன. அடிமரத்துக்கு ஏரா, விலா எலும்புக்கு வங்கு, முன்பக்கத்துக்கு அணியம். அவர் இறந்து பதினைந்து வருடமாகியிருந்தது. அவருடைய தொழிலை நான் கற்கவில்லை. படிக்கப் போனேன், பிறகு ஓடினேன்.

ஐயா 1925இல் பிறந்தவர், சிறுவயதில் ஓர் ஓடாவியிடம் எடுபிடியாக இருந்தவர். அன்னபூரணிக்குத் தானும் கலப்பத்துப் போட்டதாகச் சொல்வார். வல்வெட்டித்துறையில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது, 89 அடி. உலகத்தைப் பாய்ப் படகில் ஏற்கெனவே சுற்றிவந்திருந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, அமெரிக்காவுக்கு அனுப்பினார். எங்கள் ஊர்த் தண்டையலும் மாலுமிகளும் சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடல் தாண்டி, அத்திலாந்திக் கடந்து, 1938இல் மசாச்சுசெட்ஸின் குளொஸ்ரருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எஞ்சினை நம்பிய பயணமில்லை, பாயை நம்பியது. ஐயாவின் வயதைக் கணக்குப் பார்த்தால், கப்பல் புறப்படும்போது அவருக்குப் பன்னிரண்டு. கப்பல் கட்டியபோது இன்னும் சின்னப் பிள்ளை. புறப்பட முன் நடந்த திருத்த வேலையில் எண்ணெய்த் தகரம் தூக்கியிருக்கலாம். அதற்கு மேல் நான் நம்பவில்லை. ஆனால் அவரிடம் அதை ஒருநாளும் சொல்லவில்லை.

1938இல் அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு படகு அறிவுகள் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்று அல்கொனாக்கில் அச்சாகவும் அட்டையாகவும் பாக இலக்கமாகவும் இருந்தது. மற்றது குளொஸ்ரர் துறையில் மனிதர்களாக வந்து இறங்கி, ஊருக்குத் திரும்பிப் போனது. இரண்டும் நல்ல படகு கட்டியவைதான். ஒன்று காகிதத்தில் இருந்ததால் குடும்பம் விற்றபோதும், நிறுவனம் திவாலானபோதும், எவரோ ஒருவர் தபாலில் கேட்டுப் பெறக்கூடியதாகத் தங்கியது. மற்றது கைகளில் இருந்தது. ரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் அரிசிக்குப் போன பாய்க்கப்பல்களின் வாணிபம் நீராவிக் கப்பலாலும் புதிய எல்லைகளாலும் சுருங்கியது. பிறகு போர் ஊரையே கலைத்தது. கைகள் போனபோது அறிவும் போனது. இன்றைக்கு அன்னபூரணியின் வங்குகள் எத்தனை அங்குல இடைவெளியில் இருந்தன என்று கேட்டால், எந்த மியூசியத்துக்கு எழுதுவது?

கையறிவு உயர்ந்தது, காகிதம் தாழ்ந்தது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இடது றைசர் என்னைத் திருத்தியது. ஆனால் அந்தப் பாடத்தை நானும் பாதிதான் படித்தேன் என்பது போன வசந்தத்தில் தெரிந்தது.

முழங்கால் இப்போது மடிய மறுக்கிறது. எஞ்சின் அறையில் தவழ வேண்டும். ஒக்ரோபரில் படகைக் கரையேற்றி, எஞ்சினின் இரண்டு பக்கமும் உள்ள அடைப்பாணிகளைக் கழற்றி, தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்து, இளஞ்சிவப்பு உறைதடைத் திரவத்தை ஏற்ற வேண்டும். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் தங்கினாலும் தை மாதக் குளிர் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். இதை இன்னும் எத்தனை வருடம் செய்வேன் என்று யோசித்து, விற்கலாம் என்று ஒரு விளம்பரம் போட்டேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். உடலைத் தட்டிப் பார்த்தார், எஞ்சின்களைக் கேட்டார், திருப்தி. குறிப்பேட்டைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்தவர் 2012இல் நின்றார். பக்கங்களைத் திருப்பினார். "இதற்குப் பிறகு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடத்துக் குறிப்பு அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

அவர் பிறகு கூப்பிடவில்லை. நான் மகளிடம் சொன்னேன். அவள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள், எழுத்துக் கூட்டுவாள். என் கையெழுத்தில் கூட்ட முடியவில்லை. "அப்பா, நீங்கள் இதை ஆருக்கு எழுதினீங்கள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் இருக்கவில்லை. ஐயாவுக்கு எழுதினேன் என்று நினைக்கிறேன். ஐயா படகை வாங்கப் போவதில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிக்கிறேன், அவள் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். 2019வரை வந்திருக்கிறோம். விளங்காத இடத்தில் படகுக்கே போய்க் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த மே மாதம் அவள் எஞ்சின் அறைக்குள் இறங்கினாள், நான் மேலே இருந்து ரோச்சைப் பிடித்தேன். புரொப்பெலர்த் தண்டு உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஓர் உலோகப் பெட்டி இருக்கும். தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் மெழுகேற்றிய சணல் திரியைச் சுற்றிச் சுற்றி அடைக்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் படகில் மிஞ்சியிருக்கும் ஒரே கலப்பத்து வேலை அது. ஐயா பஞ்சை இடித்ததும் இதற்குத்தான், தண்ணீரை வாசலில் மறிக்க.

"எவ்வளவு இறுக்க வேணும்?" என்றாள்.

முழுக்க மறித்தால் தண்டு சூடேறித் திரி கருகும். தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு உள்ளே விழ வேண்டும். சொட்டாத படகுக்குத்தான் பயப்பட வேண்டும். இதைச் சொன்னேன். அவள் எண்ணி எண்ணித் திருகினாள். மேலே வந்து கையைத் துடைத்துவிட்டுக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். ஒரு சொல்லுக்கு மட்டும் ஆங்கிலம் தேடவில்லை. கலப்பத்து என்று தமிழிலேயே எழுதி, எழுத்துப் பிழை உண்டா என்று என்னிடம் காட்டினாள். 'ப'வுக்கு ஒரு குற்று விட்டுப்போயிருந்தது என்று நினைத்துத் திருத்தப் போனேன். பிழை எனதுதான். அவள் எழுதியது சரி.